கல்கத்தாவின் மாலை இனிப்பு

இனிப்பு என்றதும் தமிழர் உள்ளத்தில் எழுவது விழாநாள். தீபாவளிக்கு அதிரசம், கார்த்திகைக்குப் பொரியுருண்டை, கோகுலாட்டமிக்கு வெல்லச் சீடை, தைத் திங்கள் முதல் நாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் என்று நாளுக்கொரு பண்டம் வகுத்து வைத்தனர் நம் முன்னோர். விழா இல்லாத நாளில் இனிப்பை நாடுவது வீட்டுப் பெரியோர் கண்ணுக்கு ஓரளவு அடக்கமின்மையாகவே தோன்றிற்று. வங்கத்தில் வந்து குடியேறிய நம்மவர் முதன்முதலில் வியந்து நின்றது இவ்விடத்தில்தான். இந்நகரத்து இனிப்பு எந்த விழாவையும் எதிர்நோக்குவதில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு அலுவலகம் விட்டு வரும் எழுத்தர் ஒருவர், கடைவாயிலில் நின்றபடியே இரண்டு ரசகுல்லாக்களை உண்டு, மண்கலயத்தின் அடியில் தங்கிய பாகையும் உறிஞ்சிவிட்டு, கைகழுவிக்கொண்டு வண்டி ஏறுவார். அன்று அவருக்குப் பிறந்தநாளும் இல்லை. பதவி உயர்வும் கிடைக்கவில்லை. வேலை மிகுந்த ஒரு நாள் ஒருவாறு முடிந்தது, அதுவே காரணம்.

இவ்வழக்கம் எப்படித் தோன்றிற்று, ஏன் நிலைத்தது என்று ஆராய்வார்க்கு இந்நகரின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி விளங்கும். ஓர் அரசு இவ்வழக்கத்தை வீண் என்று கருதித் தடுத்து நிறுத்த முற்பட்ட கதையும் அதனுள் அடங்கும். 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா என்று பெயர் மாறிய இந்நகரை, பழங்கதை கூறுமிடத்துப் பழம்பெயராலேயே சுட்டுகின்றேன்.

முதற்கண் பாலைப் பற்றிச் சொல்லவேண்டும். வட இந்தியாவின் பெரும்பாலான பால் இனிப்புகள், பாலை நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைத்துச் செய்யப்படுவன. நம் திரட்டுப்பாலும் அவ்வகையதே. வங்கத்து இனிப்போ பாலைத் திரித்துச் செய்யப்படுவது. கொதிக்கும் பாலில் புளிப்பு நீர் சேர்த்துத் திரித்து, துணியில் வடித்தெடுக்கும் மென்மையான திரட்டினைச் 'சானா' என்பர். பாலைத் திரித்தல் என்பது நம் வீடுகளில் ஒரு நட்டமாகவே கருதப்படும். பால் திரிந்து போயிற்று என்றால் இல்லத்தரசியின் முகம் வாடும். அந்த நட்டத்தையே ஒரு கலையாக்கிய பெருமை இம்மண்ணுக்கு உரியது.

இக்கலையை வங்கத்தார் யாரிடம் கற்றனர் என்பது பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. ஹூக்ளி ஆற்றங்கரையில் குடியேறிய போர்ச்சுகீசியர் பாற்கட்டி செய்யும் பழக்கத்தைக் கொண்டுவந்தனர் என்றும், அதிலிருந்தே சானா பிறந்தது என்றும் ஒருசாரார் கூறுவர். வங்கத்தார் அதனை முன்னரே அறிந்திருந்தனர் என்று மற்றொரு சாரார் மறுப்பர். 1632-ஆம் ஆண்டில் மொகலாயப் படை ஹூக்ளியிலிருந்த போர்ச்சுகீசியக் குடியேற்றத்தை அழித்தது. ஆயினும் அவர்கள் வங்கத்தை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை. அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் இந்நாட்டில் சுற்றிய பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே என்பார், வங்கம் இனிப்புப் பண்டங்களுக்குப் புகழ்பெற்றது என்றும், சிறப்பாகப் போர்ச்சுகீசியர் வாழும் ஊர்களில் அத்தொழில் நல்ல வணிகமாக நடைபெறுகின்றது என்றும் குறித்துச் சென்றார். இச்சான்று ஒரு பக்கத்து வழக்கை வலுப்படுத்துமே அன்றி முடித்துவைக்காது. பழச்சாற்றிலும் சர்க்கரைப் பாகிலும் ஊறவைத்த பண்டங்களையும் அவர் கருதியிருத்தல் கூடும்.

தோற்றம் எதுவாயினும் சானாவுக்கு ஓர் இயல்பு உண்டு. நம் அதிரசம் பல நாள் கிடந்தாலும் கெடுவதில்லை. பொருள்விளங்கா உருண்டையோ அதனினும் நெடுநாள் நிற்கும். வெல்லமும் எண்ணெயும் வறுத்த மாவும் தாமே காவலாக நிற்கும். சானாவோ ஈரம் மிக்கது. வங்கத்து வெயிலில், குளிர்ப்பெட்டி அறியாத காலத்தில், காலையில் வடித்த சானா மறுநாள் புளித்துவிடும். ஆகவே அன்றைய சானாவை அன்றே இனிப்பாக்க வேண்டும். அன்றைய இனிப்பை அன்றே விற்றாக வேண்டும். விழாவை நம்பி இத்தொழிலை நடத்துதல் இயலாது. நாள்தோறும் வாங்குவோர் இருந்தால்தான் கடை நிற்கும். கல்கத்தா நகரம் அத்தகைய வாங்குவோரைப் பல்லாயிரக் கணக்கில் உண்டாக்கித் தந்தது.

அவ்வாறு வாங்கியவர்கள் பெரும்பாலும் எழுத்தர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் எழுத்தர்களுக்காக 18-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுப்பப்பட்ட 'ரைட்டர்ஸ் பில்டிங்' என்னும் மாளிகை பின்னர் அரசின் தலைமைச் செயலகமாயிற்று. அதனைச் சுற்றி டல்ஹவுசி சதுக்கத்தில் வங்கிகளும், கப்பல் நிறுவனங்களும், தேயிலை, சணல் வணிக இல்லங்களும் பெருகின. இவற்றில் பேனா பிடித்த வங்காளிகளைக் 'கேரானி' என்றனர். மலேயாத் தோட்டங்களில் நம்மவர் 'கிராணி' என வழங்கிய சொல்லும் இதுவே. வயலில் உழுபவனுக்குக் கதிரவன் கடிகாரம். கிராணிக்கோ சுவரில் மாட்டிய கடிகாரமே கதிரவன். காலை ஒன்பது மணிக்கு அவசரமாகச் சோறுண்டு புறப்பட்டு, பத்து மணிக்கு நாற்காலியில் இருந்து, மாலை ஐந்து மணிவரை பிறருடைய கணக்கை எழுதுவது அவர் வாழ்வு. இரவு உணவோ வங்காளி இல்லங்களில் ஒன்பது, பத்து மணிக்கு முன் இல்லை. இடைப்பட்ட பொழுது நெடிது, பசியும் கொடிது. வீட்டுக்குச் சென்றால் அங்கும் ஓர் ஓய்வு காத்திருப்பதில்லை. அலுவலகத்திற்கும் வீட்டிற்கும் இடையில் அவருக்கே உரியதாய் இருந்தது ஒரு கால்மணி நேரம். அக்கால்மணி நேரத்தில்தான் இனிப்புக் கடை இருந்தது.

கடைகளும் அதற்கேற்ப வளர்ந்தன. பவ்பசாரில் 1826-ஆம் ஆண்டில் தொடங்கிய நாக் குடும்பத்தாரின் கடை, பீம சந்திர நாக் என்னும் பெயரால் இன்றும் நடைபெறுகின்றது. வடகல்கத்தாவில் கிரீஷ் சந்திர தே, நகுர் சந்திர நந்தி ஆகியோர் பெயர் தாங்கிய கடை 1844-ஆம் ஆண்டு முதல் சந்தேஷ் ஒன்றையே சிறப்பாகக் கொண்டது. 'சந்தேஷ்' என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. தூது, செய்தி என்னும் பொருளில் சந்தேசம் என நாமும் அறிந்த வடசொல்லே அது. உறவினர் வீட்டுக்கு நற்செய்தி கொண்டு செல்வோர் கையில் கொண்டு சென்ற இனிப்பு, செய்தியின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. நாளடைவில் செய்தி ஒன்றும் இல்லாமலேயே இனிப்பு மட்டும் செல்லத் தொடங்கிற்று. பீம நாக் கடையில் பிறந்ததாகக் கூறப்படும் 'லெடிகெனி' என்னும் செந்நிற உருண்டையோ, தலைமை ஆளுநரின் மனைவியாரும் 1861-ஆம் ஆண்டில் இந்நகரில் மறைந்தவருமான கானிங் சீமாட்டியின் பெயரைத் தாங்குகின்றது. அப்பெருமாட்டியின் பெயரை வரலாற்று நூல்கள் மறந்தாலும் கடைக்காரர் மறக்கமாட்டார்.

இனி ரசகுல்லா. பாக்பசாரில் சிறு கடை வைத்திருந்த நவீன் சந்திர தாஸ் என்பார் 1868-ஆம் ஆண்டில் இதனைச் செய்துகாட்டினார் என்பது வங்கத்தார் போற்றும் வரலாறு. செயல் எளிதன்று. சானா உருண்டையைக் கொதிக்கும் பாகில் இட்டால் அது உடைந்து கரையும். சானாவை உள்ளங்கையால் நன்கு தேய்த்துப் பிசைந்து, பாகினை நீர்த்த பதத்தில் வைத்து, கொதி குறையாமல் காத்தால், உருண்டையின் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி அதனை விரிக்கும். விரிந்த இடத்தில் பாகு புகும். பஞ்சு போன்ற அம்மென்மையின் காரணம் இதுவே. அக்கடைமுன் ஒருநாள் செல்வர் ஒருவரின் வண்டி நின்றது என்றும், அதிலிருந்த குழந்தை தாகத்திற்கு நீர் கேட்க, நவீன் தாஸ் நீருடன் ஒரு ரசகுல்லாவையும் கொடுத்தார் என்றும், அதனை உண்ட குழந்தையின் மகிழ்ச்சி கண்டு செல்வர் பெருமளவில் வாங்கிப் பலர்க்கும் வழங்கினார் என்றும் அக்குடும்பத்தார் கூறுவர். தாகத்திற்கு நீர் கேட்பவர்க்கு வெறும் நீர் கொடாது ஓர் இனிப்பையும் உடன் கொடுக்கும் வழக்கத்தை இந்நகர்க் குடும்பங்களில் இன்றும் காணலாம்.

ஒடிசாவில் வாழும் நம் அன்பர்கள் இவ்விடத்தில் புருவத்தை நெரிப்பார்கள். புரி செகந்நாதர் கோயிலில் தேர்த்திருவிழா முடிந்து இறைவன் கோயிலுக்குத் திரும்பும் நாளில், சினந்திருக்கும் திருமகளைத் தேற்ற ரசகோலா படைப்பது அவர்கள் மரபு. அது மிகப் பழமையானது என்பது அவர்கள் கூற்று. இவ்வழக்கு புவிசார் குறியீடு வழங்கும் அலுவலகம் வரை சென்றது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் வங்கத்து ரசகுல்லாவுக்கும், 2019-ஆம் ஆண்டு சூலை 29-ஆம் நாள் ஒடிசாவின் ரசகோலாவுக்கும் தனித்தனியே குறியீடு வழங்கப்பட்டது. அக்குறியீட்டு அலுவலகம் அமைந்திருப்பது சென்னையில். வங்கத்தாருக்கும் ஒடிசாவினருக்கும் இடையே எழுந்த இனிப்பு வழக்கினைத் தமிழகத் தலைநகரில் வைத்துத் தீர்த்தனர் என்பதில் நமக்கும் சிறிது பெருமை உண்டு.

மீண்டும் எழுத்தரிடம் வருவோம். 1854-இல் ஹௌராவிலிருந்தும், பின்னர்ச் சியால்தாவிலிருந்தும் இரயில்கள் ஓடத் தொடங்கின. 1873-இல் குதிரைகள் இழுத்த டிராம், 1902-இல் மின்சார டிராம் ஆயிற்று. நகருக்குள் இடமில்லாத எழுத்தர் புறநகரில் குடியிருந்து நாள்தோறும் இரயிலில் வந்து போயினர். 'டெய்லி பாசஞ்சர்' என்பது வங்காளத்தில் ஒரு சொல்லாகவே ஆயிற்று. இன்னும் தொலைவில் ஊர் உடையோர் நகரத்து 'மெஸ்'களில் தங்கி, சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் ஊருக்குப் புறப்பட்டனர். கிழமை முழுதும் ஒதுக்கிய சில்லறை அன்று ஒரு கலயம் ரசகுல்லாவாகவோ, அட்டைப் பெட்டியில் அடுக்கிய சந்தேஷாகவோ மாறிற்று. வாசலில் காத்திருக்கும் குழந்தைகள் தந்தையின் முகத்தை முதலில் பார்த்தனவா, கையைப் பார்த்தனவா என்பது ஒவ்வொரு தந்தைக்கும் தெரிந்த உண்மை. புறநகர் இரயில்கள் நகரிலிருந்து இனிப்பை எடுத்துச் சென்றது போலவே, நாட்டுப்புறத்திலிருந்து சானாவை நகருக்குக் கொண்டுவந்தன. ஈரத்துணி போர்த்திய கூடைகள், வேலைக்குச் செல்வோரின் கால்களுக்கிடையே பயணம் செய்தன.

சர்க்கரையும் எளிதாகக் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் சாவாத் தீவின் வெள்ளைச் சர்க்கரை மலிவாக வந்து குவிந்தது. 1932-ஆம் ஆண்டின் காப்புச் சட்டத்தின் பின் உள்நாட்டு ஆலைகள் அவ்விடத்தை நிரப்பின. குறைந்த ஊதியம் பெறுவோரும் வாங்கத்தக்க விலைக்கு இனிப்பு வந்தது அவ்வாறுதான். குளிர்காலத்தில் மட்டும் வெள்ளைச் சர்க்கரை சற்று ஒதுங்கி நிற்கும். ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சிய புதுவெல்லம், 'நொலேன் குர்', சந்தேஷுக்கு ஒரு பழுப்பு நிறத்தையும் புகைமணத்தையும் அளிக்கும். பனைவெல்லத்தின் மணம் அறிந்த நம்மவர்க்கு அதனை முதன்முறை உண்ணும்போது தம் ஊர் நினைவு வருதல் இயல்பு.

சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் கற்று வேலைதேடி வந்த தமிழர், தென்கல்கத்தாவில் ஏரியை அடுத்த தெருக்களில் குடியேறியபோது, இவ்வழக்கம் அவர்களையும் பற்றிக்கொண்டது. வீட்டில் காப்பியும் தோசையும் மாறவில்லை. ஆயினும் ஊதியம் வாங்கிய நாளில் கையில் ஓர் அட்டைப் பெட்டி இல்லாமல் வீடு திரும்பியவர் அரியர்.

இந்த எளிய இன்பத்தை ஓர் அரசு தடுத்தது ஏன் என்பதை அறிய, 1943-ஆம் ஆண்டை நினைத்தல் வேண்டும். அவ்வாண்டின் பஞ்சத்தில் நாட்டுப்புறத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்த ஏழை மக்கள், உணவு நிறைந்த கடைகளின் முன்பே பசியால் மடிந்து வீழ்ந்தனர். பஞ்சத்தில் மாண்டோர் தொகை 20 இலட்சத்துக்கும் மேற்பட்டது என மதிப்பிடுவர். அந்நினைவு ஆறுமுன் பிரிவினை வந்தது. அகதிகள் பெருந்திரளாக வந்தனர். 1960-களின் இடையில் உணவுத் தட்டுப்பாடு மீண்டும் தலைகாட்டிற்று. 1965-ஆம் ஆண்டில் நகரில் அரிசியும் கோதுமையும் பங்கீட்டு அட்டைக்கு வந்தன. அவ்வாண்டில் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, கிழமைக்கு ஒருவேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். பாலின் நிலையும் இதுவே. அரசு ஹரிண்காட்டாவில் பால்பண்ணை அமைத்துப் புட்டிகளில் பால் வழங்கி வந்தது. விடியற்காலையில் அட்டையும் காலிப் புட்டியுமாக வரிசையில் நின்ற தாய்மார் பலர்க்கும் பால் போதவில்லை. மறுபுறம் ஒரு கிலோ சானாவுக்கு ஏறத்தாழ ஆறு லிட்டர் பசும்பால் செலவாயிற்று.

அப்போது மேற்கு வங்கத்தின் முதலமைச்சராக இருந்தவர் பிரபுல்ல சந்திர சென். ஆராம்பாகின் காந்தி என்று பெயர் பெற்றவர், எளிய வாழ்வினர். அவருடைய அரசு 1965-ஆம் ஆண்டில், சானாவால் இனிப்புச் செய்தலையும் விற்றலையும் தடுத்து ஆணையிட்டது. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் பால் கிடைக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். ரசகுல்லாவும் சந்தேஷும் கடைத்தட்டுகளிலிருந்து இறங்கின. பாலைத் தொடாத மாவு, பருப்புப் பலகாரங்களே எஞ்சின. பல தலைமுறைகளாகச் சானா பிசைந்த கைகள் வேலையற்று நின்றன. வணிகர் நீதிமன்றத்தை நாடினர். மறைவான விற்பனையும் நடவாமலில்லை. நகரத்து மக்கள் ஒருவர்க்கொருவர் தாழ்ந்த குரலில் கேட்டு, ரசகுல்லாவைக் கள்ளச் சரக்குப் போல் வாங்கிச் சென்ற காலம் அது.

அரசின் வழக்கை எள்ளி நகையாடுதல் எளிது; நேர்மையன்று. ஒரு தட்டில் குழந்தையின் பாலையும் மறுதட்டில் எழுத்தரின் ரசகுல்லாவையும் வைத்தால், எவர் கை இரண்டாவதன் பக்கம் சாயும்? ஆயினும் உண்மையில் தட்டுகள் அவ்வாறு அமையவில்லை என்பதே என் கருத்து. சானாவுக்குச் சென்ற பால், கடைக்காரர் நல்ல விலை கொடுத்ததால் நாட்டுப்புறத்திலிருந்து வந்த பால். அதிலும் பெரும்பகுதி, பாலாகவே நகரை அடையுமுன் வெயிலில் கெட்டுவிடும் என்பதற்காகவே ஊரிலேயே திரிக்கப்பட்டது. கடையை மூடினால் அப்பால் தானே நடந்து வந்து ஏழைக் குழந்தையின் கிண்ணத்தில் வீழ்ந்துவிடாது. அதனை ஏற்றிவர வண்டியும், குளிரூட்டும் நிலையமும், வாங்க ஏழைத் தாயின் கையில் காசும் வேண்டும். தடை இவற்றுள் ஒன்றையும் தரவில்லை. அன்றியும், பங்கீட்டு வரிசையில் நின்று, நெரிசலில் தொங்கி, ஊதியம் போதாமல் வருந்திய ஒருவர்க்கு நாள் முடிவில் எஞ்சியிருந்த சிறு ஆறுதலை அரசு ஆடம்பரம் எனக் கணக்கிட்டது. செல்வர்க்கு வீட்டிலேயே பாலும் சமையற்காரரும் உண்டு. கடை மூடியதால் இழந்தவர் வாயிலில் நின்று இரண்டு உருண்டை உண்டவரே.

1966-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உணவுக் கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவிற்று. அரிசி கேட்டவர்களிடம் வாழைக்காய் உண்ணுமாறு முதலமைச்சர் கூறினார் என்ற பேச்சு அவரை இறுதிவரை விடவில்லை. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு ஆட்சியை இழந்தது. சென், தம் ஆராம்பாகிலேயே அஜய் முகர்ஜியிடம் தோற்றார். ரசகுல்லாவே ஆட்சியைக் கவிழ்த்தது என்று இந்நகர்த் திண்ணைகளில் கூறுவது மிகை. அரிசியே கவிழ்த்தது. எனினும் தடையின் கசப்பும் அதனோடு சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆணையும் நெடுநாள் நிற்கவில்லை.

அத்தடையின் நினைவு வணிகர்க்கு ஒரு பாடமாயிற்று. நவீன் தாசின் மைந்தர் கிருஷ்ண சந்திர தாசின் கடையார், ஒரே ஊரை நம்பியிருத்தல் தகாது என்று கருதி 1972-ஆம் ஆண்டில் பெங்களூரில் கடை திறந்தனர் என்பர். ரசகுல்லாவைத் தகரக் குவளையில் அடைத்து அதற்கு நீண்ட ஆயுள் தந்ததும் 1930-ஐ ஒட்டி அக்குடும்பத்தாரே. அக்குவளையால் நம்மவர்க்கும் ஒரு நன்மை விளைந்தது. ஹௌராவிலிருந்து சென்னை மெயிலில் ஏறி, இரண்டு இரவுகள் கழித்து ஊர் சேர்பவர், கல்கத்தாவிலிருந்து என்ன கொண்டுவந்தாய் என்ற பாட்டியாரின் கேள்விக்குக் கையோடு விடை கொண்டு சென்றார். கடைவாயிலில் உண்ட சுவை குவளையில் பாதியே உண்டு என்று வங்க நண்பர்கள் குறை கூறுவர். பாட்டியாருக்கு அது தெரியாது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு நிலவியது. கடைகள் மூடின, இனிப்புக் கடைகளும் மூடின. வாங்குவாரின்றிப் பால் உற்பத்தி செய்வோர் பாலை வீணே கொட்ட நேர்ந்தது. மேற்கு வங்க அரசு அப்போது ஓர் ஆணை பிறப்பித்தது. நண்பகல் 12 மணிமுதல் 4 மணிவரை இனிப்புக் கடைகள் திறந்திருக்கலாம் என்பது அவ்வாணை. பால் வீணாகலாகாது என்பதே அதற்கும் காரணமாகக் கூறப்பட்டது.